தாய்க்கதையும் கிளைக்கதையும்: இத்தாலியக் கதைத் தொகுப்புகளும் கரிசற்சீமையின் ஒரு கேள்வியும்

திருச்சுழியை அடுத்துக் குண்டாற்றங்கரையில் அமைந்த ஒரு சிற்றூர்ச் சபையில் நாம் ஆயர்பணி ஏற்றிருந்த காலம் அது. இற்றைக்கு முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஒரு ஞாயிறு ஆராதனையில் பொறுமையைக் குறித்து அருளுரை ஆற்றுகையில் கீரிப்பிள்ளைக் கதையை எடுத்துச் சொன்னோம். கதை யாவரும் அறிந்ததே. தொட்டிற் குழந்தையிருக்கும் வீட்டில் கீரியை விட்டுத் தாய் தண்ணீருக்குச் செல்கிறாள். பாம்பொன்று தொட்டிலை நெருங்குகிறது. கீரி அதனைக் கடித்துக் கொன்று, குருதி தோய்ந்த வாயுடன் வாயிலில் வந்து நிற்கிறது. பிள்ளையைத்தான் கொன்றுவிட்டது என்று எண்ணிய தாய், இடுப்பிலிருந்த குடத்தை அதன்மேற் போட்டுக் கொல்கிறாள். உள்ளே சென்று பார்த்தாலோ குழந்தை சுகமாயிருக்கிறது. ஆராயாமல் எதனையும் செய்யலாகாது என்று கூறி உரையை முடித்தோம். சபையார் தலையசைத்தனர். கதை நன்கு பயன்பட்டது என்ற நிறைவு நமக்கும் இருந்தது.

ஆராதனை முடிந்தபின் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, அந்தத் தாயி தண்ணிக்கு எம்புட்டுத் தூரம் போயிருப்பா?" என்று வினவினார். நாம் விடையறியாது நின்றோம். அவரே தொடர்ந்து, "ஊத்துக்குப் போறவளுக்கு நெனப்பெல்லாம் தொட்டில்லதானங்கய்யா கெடக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிச் சென்றார். கோடையில் குண்டாறு மணலாய்க் கிடக்கும். அம்மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்ப எவ்வளவு நேரமாகும் என்பதை அவ்வூர்ப் பெண்கள் அறிவர்; நாம் அறியோம். தம் தலைப்பிள்ளையை அவர் அவ்வாறு ஊற்றுக்குப் போயிருந்த ஒரு வேளையில் இழந்தவர் என்பதை அன்று மாலை உபதேசியார் கூறக் கேட்டோம்.

கதையைச் சொல்வோருக்கு அதன் பொருள் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. அது எவர்முன், எவ்வேளையில், எதன்பொருட்டுச் சொல்லப்படுகிறது என்பதும் கதையின் ஒரு பகுதியே. இவ்வுண்மையை உலக இலக்கியத்தில் மிகத் தெளிவாக உணர்ந்திருந்தவர்கள் தாய்க்கதைக்குள் கிளைக்கதைகளை அடக்கித் தொகுத்தவர்களே ஆவர். இடைக்கால இத்தாலியில் இம்முறை எவ்வாறு தழைத்தது, அங்கு அது எவ்வழியிற் சென்று சேர்ந்தது, நம் நாட்டில் அது எவ்வாறு வழங்கியது என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு காண்போம்.

உதிரிக் கதைகளும் கதைத் தொகுப்பும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் 'நொவெல்லினோ' என்னும் கதைத் தொகுப்பு எழுந்தது. நூறு சிறுகதைகள் கொண்டது. தொகுத்தவர் பெயர் அறியக்கூடவில்லை. அரசர், ஞானியர், வணிகர், வீரர் ஆகியோரைப் பற்றிய துணுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரல்பட வைக்கப்பட்டுள்ளன. அவற்றைச் சொல்லுவார் எவர், கேட்பார் எவர் என்பது அதில் இல்லை. உதிர்ந்த மணிகள் ஒரு தட்டில் கிடப்பது போன்றது அந்நூல்.

அக்காலத்துப் பிரசங்கிகள் கையாண்ட கதைகளும் அத்தகையனவே. தோமினிக் சபையாரும் பிரான்சிஸ் சபையாரும் ஊர் ஊராகச் சென்று சந்தைவெளிகளில் மக்களின் பேச்சுமொழியிற் பிரசங்கித்தனர். கேட்போர் உறங்கிவிடாதிருக்கவும், அறம் உள்ளத்திற் பதியவும் எடுத்துக்காட்டுக் கதைகளை மிகுதியாகப் பயன்படுத்தினர். அக்கதைகளைப் பொருள்வாரியாகத் தொகுத்த கையேடுகள் பல தோன்றின. பொறுமைக்கு ஒரு கதை, பேராசைக்கு ஒரு கதை, மனந்திரும்புதலுக்கு ஒரு கதை எனத் தேடி எடுத்துக்கொள்ளலாம். காலப்போக்கில் இப்பழக்கம் எல்லை கடந்தது. வேடிக்கை சொல்லி மக்களைச் சிரிக்கவைப்பதே பிரசங்கம் என்று கருதிய போதகரைத் தாந்தே தம் பெருங்காவியத்தின் விண்ணுலகப் பகுதியிலே கடுமையாகக் கண்டித்துள்ளார்.

இந்நிலையில் 1348-ஆம் ஆண்டு பிளாரென்ஸ் நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. தந்தை மகனைக் கைவிட்டான். உடன்பிறந்தார் உடன்பிறந்தாரைக் கைவிட்டனர். பிணங்கள் குழிகளில் அடுக்கடுக்காகப் புதைக்கப்பட்டன. இதனை விரிவாக எழுதிவைத்தவர் ஜொவான்னி பொக்காச்சியோ. 1313-இற் பிறந்து 1375-இல் மறைந்த இவர், கொள்ளைநோய் தணிந்த சில ஆண்டுகளில் எழுதி முடித்த 'தெக்காமெரோன்' என்னும் நூலின் தொடக்கமே அக்கொள்ளைநோயின் வரலாறுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாந்தா மரியா நொவெல்லா என்னும் கோவிலில், துக்க உடை அணிந்த ஏழு மங்கையர் சந்திக்கின்றனர். மூன்று இளைஞர் அவர்களுடன் சேர்கின்றனர். பதின்மரும் நகரை நீங்கி, அருகிலுள்ள நாட்டுப்புற மாளிகை ஒன்றிற்குச் செல்கின்றனர். நாள்தோறும் ஒருவர் அரசராகவோ அரசியாகவோ முடிசூட்டப்படுவார். ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமையில் ஆண்டவரின் பாடுகளை நினைந்து கதை நிறுத்தப்படும், சனிக்கிழமையும் அவ்வாறே. இவ்வாறு கதை சொல்லும் பத்து நாட்களில் நூறு கதைகள் நிறைவுறுகின்றன. பின்னர் அவர்கள் நகருக்குத் திரும்பி, சந்தித்த அதே கோவிலில் பிரிந்து செல்கின்றனர்.

கதைகளுள் சில பழைய நொவெல்லினோவிலும் உள்ளவை. மூன்று மோதிரங்களின் கதை அவற்றுள் ஒன்று. ஆயினும் பொக்காச்சியோவின் கையில் அவை வேறு கதைகளாகிவிடுகின்றன. ஏனெனில் அவற்றைக் கேட்போர் சாவின் நடுவிலிருந்து வந்தவர்கள்; திரும்பிச் செல்லவேண்டிய இடமும் அதுவே. சிரிப்பிற்குப் பின்னால் சவக்குழி இருக்கிறது என்பதை வாசகன் மறப்பதில்லை.

இந்நூலில் ஒழுக்கக் குறைவான கதைகள் உண்டு என்பது உண்மையே. ஆசிரியரும் அதனை உணர்ந்து, நூலின் முடிவுரையில் தமக்காக வாதாடுகிறார். இக்கதைகள் கோவிலிலோ கல்விக்கூடத்திலோ சொல்லப்பட்டவை அல்ல. தோட்டங்களில், கதையால் வழிதவறாத பக்குவமுடைய இளையோர் நடுவே, பேரிடர்க் காலத்தில் சொல்லப்பட்டவை என்பது அவர் வாதத்தின் சாரம். இடத்தையும் கேட்போரையும் நீக்கிவிட்டுக் கதைக்குத் தீர்ப்புச் சொல்லாதீர் என்று அவர் கேட்டுக்கொள்கிறார். பிரசங்கிகளின் உரைகளே வேடிக்கைகளால் நிறைந்துள்ளனவே என்றும் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

அதே சாந்தா மரியா நொவெல்லா மடத்தில் அதே ஆண்டுகளில் ஒரு பிரசங்கி வாழ்ந்தார். யாக்கோபோ பஸ்ஸவாந்தி என்பது அவர் பெயர். 1354-ஆம் ஆண்டு லெந்து நாட்களில் மனந்திரும்புதலைக் குறித்து அவர் ஆற்றிய பிரசங்கங்கள் பின்னர் 'மெய்யான மனந்திரும்புதலின் கண்ணாடி' என்னும் நூலாயின. அதிலும் கதைகள் உண்டு. இத்தாலிய உரைநடையின் அழகிற்கு அவை இன்றும் எடுத்துக்காட்டாக விளங்குகின்றன. ஆனால் அவை அச்சத்தை விளைவிக்கும் கதைகள். பாவி தண்டனை அடையும் காட்சியோடு முடிபவை. ஒரே நகர், ஒரே கொள்ளைநோய், ஒரே கோவில். ஒருவர் சாவைக் காட்டி மக்களை நடுங்கச் செய்யக் கதை சொன்னார். மற்றவர் சாவின் நடுவில் மக்கள் மனிதராயிருக்கக் கதை சொன்னார். இருவருள் எவர் சரியென்று தீர்ப்பது நம் நோக்கமன்று. ஆயினும் பொக்காச்சியோ கேட்போரைத் தம் கதைக்குள்ளேயே அமர்த்தினார். பஸ்ஸவாந்தியின் நூலிலோ கேட்போர் கதைக்கு வெளியே நிற்கின்றனர். அன்று குண்டாற்றங்கரையில் நாம் செய்ததும் அதுவே.

பின்னர் நேர்ந்ததும் குறிப்பிடத்தக்கது. 1559-இல் ரோமச் சபை இந்நூலைத் தடைசெய்யப்பட்ட நூற்பட்டியலிற் சேர்த்தது. 1573-இல் திருத்திய பதிப்பொன்று வெளிவந்தது. அதில் தவறு செய்யும் துறவியரும் குருமாரும் இல்லறத்தாராக மாற்றப்பட்டிருந்தனர். குற்றம் நீங்கவில்லை, குற்றவாளியின் உடையே மாறியது.

கதை சென்ற வழி

தாய்க்கதைக்குள் கிளைக்கதைகளை அமைக்கும் முறை இத்தாலியருக்கு எங்கிருந்து கிடைத்தது? கீழைநாட்டிலிருந்து சென்ற நூல்கள் இதில் பெரும்பங்கு வகித்தன என்பது ஆராய்ச்சியாளர் பலர் ஒப்பும் முடிபு. அவற்றுள் முதன்மையானது நம் பஞ்சதந்திரம். அறிவற்ற மூன்று அரசகுமாரரை ஆறு திங்களில் அறிஞராக்குவதாக விஷ்ணுசர்மன் உறுதிகூறிக் கதைகள் சொல்வதே அதன் தாய்க்கதை. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசன் அனுஷிர்வானின் காலத்தில் புர்சோய் என்னும் மருத்துவர் அதனைப் பகலவி மொழியில் பெயர்த்தார். எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அதனை அரபியில் 'கலீலா வ திம்னா' என்று ஆக்கினார். அரபியிலிருந்து எபிரேயத்திற்கும், எபிரேயத்திலிருந்து இலத்தீனுக்கும் அது சென்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தவர் கப்புவா நகர யோவான். யூத மரபிற் பிறந்து கிறிஸ்தவரான இத்தாலியர் அவர். 1552-இல் தோனி என்பார் அதனை இத்தாலியப் பேச்சுமொழிக்குக் கொண்டுவந்தார். நம் தமிழிலோ, தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த உரைநடைப் பஞ்சதந்திரம் 1826-இல் வெளிவந்தது.

கீரிப்பிள்ளைக் கதை இந்நெடும்பயணத்தில் உடன்சென்ற ஒன்று. பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில், ஆராயாமற் செய்தலுக்குச் சான்றாக அது வருகிறது. அங்கே தாய் தண்ணீருக்குப் போகிறாள். தந்தையும் வீட்டைவிட்டு வெளியே போய்விடுகிறான். அரபு நூலில் தாய் நீராடச் செல்கிறாள். காவலிருந்த தந்தையை அரசன் அழைத்துவிடுகிறான். 'ஏழு ஞானியர்' என்னும் பெயரில் இத்தாலியிலும் பிற ஐரோப்பிய நாடுகளிலும் வழங்கிய மற்றொரு தொகுப்பில் கீரி வேட்டைநாயாகிவிடுகிறது. வீட்டார் போர்விளையாட்டுக் காணச் சென்றிருக்கையில் அது பாம்பைக் கொல்கிறது. தண்ணீர்க்குடம், அரசன் அழைப்பு, போர்விளையாட்டு என்று ஒவ்வொரு நாடும் பிள்ளையைத் தனியே விட்டுச்செல்வதற்குத் தனக்குத் தெரிந்த காரணத்தை அக்கதையில் வைத்தது. அக்காரணத்தைப் பார்த்தே அந்நாட்டார் வாழ்வை ஓரளவு உய்த்துணரலாம். 'எம்புட்டுத் தூரம்' என்ற கேள்வி எத்துணைக் கூர்மையானது என்பது இவ்வொப்பீட்டில் நமக்கு விளங்கிற்று.

ஏழு ஞானியர் கதையின் தாய்க்கதையையும் நோக்க வேண்டும். மாற்றாந்தாயால் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட அரசகுமாரன் ஏழு நாட்கள் வாய்திறவாதிருக்க வேண்டியவனாகிறான். அரசன் அவனைக் கொல்ல ஆணையிடுகிறான். நாளுக்கு ஒரு ஞானி வந்து ஒரு கதை சொல்லித் தண்டனையைத் தள்ளிவைக்கிறார். மேலை வடிவங்களில் முதல் ஞானி சொல்லும் கதையே வேட்டைநாய்க் கதை. இங்கே அது வெறும் நீதிக்கதை அன்று. ஓர் இளைஞனின் கழுத்துக்கும் கொலைஞனின் வாளுக்கும் இடையே வைக்கப்பட்ட தடை அது.

பிரான்சு நாட்டில் லியோன் நகரை அடுத்த சிற்றூர்களில் இக்கதை மற்றொரு வடிவம் பெற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அங்குச் சென்ற எத்தியேன் என்னும் தோமினிக் பிரசங்கி, தாய்மார் தம் நோயுற்ற குழந்தைகளை ஒரு வேட்டைநாயின் கல்லறைக்குக் கொண்டுசெல்வதைக் கண்டார். பிள்ளையைக் காத்து, தவறாகக் கொல்லப்பட்ட நாய் அது என்று அவர்கள் கூறினர். அவர் அவ்வெலும்புகளைத் தோண்டி எரிக்கச் செய்து, பின்னர் தம் எடுத்துக்காட்டுக் கதைக் கையேட்டில் அதனைப் பதிவுசெய்தார். பிரசங்கி அங்கே மூடநம்பிக்கையைக் கண்டார். அதனைக் கண்டித்தது அவர் கடமையாயிருக்கலாம். ஆனால் அத்தாய்மார் எதற்கு அஞ்சி அங்கு வந்தனர் என்ற கேள்விக்கு அவர் கையேட்டில் இடமில்லை.

தமிழ் மரபில் கீரிப்பிள்ளை

தமிழ் இலக்கியத்தில் இக்கதைக்குக் கிடைத்துள்ள இடம் வியப்பிற்குரியது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரையின் புறஞ்சேரியில், மாடலன் என்னும் மறையோன் கோவலனைச் சந்திக்கிறான். கோவலன் முன்னர்ச் செய்த அறச்செயல்களை எடுத்துரைக்கையில் அவன் இக்கதையைச் சொல்கிறான். இளங்கோவடிகள் கதையைக் கீரியின் சாவோடு முடிக்கவில்லை. கீரியைக் கொன்ற பார்ப்பனியைக் கணவன் கைவிட்டு வடதிசை செல்கிறான். வடமொழி வாசகம் எழுதிய ஏடொன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அவ்வேட்டை ஏந்தியவாறு அவள் புகார் நகரத்துத் தெருக்களில் அலைகிறாள். கோவலன் அவளை அழைத்து வினவி, அவள் பழி தீரத் தானம் செய்து, பிரிந்துபோன கணவனோடு அவளைச் சேர்த்துவைத்து, வாழ்வதற்குப் பொருளும் கொடுக்கிறான்.

பஞ்சதந்திரத்திலும் இத்தாலியத் தொகுப்பிலும் நீதி சொல்லப்பட்டவுடன் அத்தாயோ தந்தையோ மறைந்துபோகின்றனர். கதைக்குப் பின்னும் அப்பெண் உயிரோடிருக்கிறாள், அவளுக்கு இனி என்ன வழி என்று கேட்டது தமிழ்க் காப்பியம். இஃது ஒன்று. இக்கதை சொல்லப்படும் வேளையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோவலன் மதுரை நகரைக் கண்டுவிட்டுப் புறஞ்சேரிக்குத் திரும்பியிருக்கிறான். விரைவில் பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, பாண்டியன் ஆராயாமல் அவனைக் கொல்ல ஆணையிடப் போகிறான். ஆராயாமற் கொன்றவளுக்கு இரங்கியவனே ஆராயாமற் கொல்லப்படுகிறான். எங்கோ கேட்ட ஒரு சிறுகதையை இளங்கோவடிகள் தாய்க்கதையின் எந்த இடத்தில் வைத்தார் என்பதிலேயே அதன் முழு ஆற்றலும் அடங்கியுள்ளது.

பிற்காலத்து அலகேசர் கதை இதே மரபைச் சார்ந்தது. அலகாபுரி மன்னன் அலகேசன் உறங்குகையில், அமைச்சருள் ஒருவர் பாம்பைக் கொன்று அரசியைக் காக்கிறார். அச்செயலைத் தவறாக உணர்ந்த மன்னன் அவருக்குக் கொலைத்தண்டனை விதிக்கிறான். அமைச்சர் கதைகள் கூறி மன்னனின் விரைவைத் தடுக்கின்றனர். அக்கதைகளுள் கீரிப்பிள்ளைக் கதையும் ஒன்று. 'ஏழு ஞானியர்' தொகுப்பில் அரசகுமாரனுக்காகச் சொல்லப்பட்ட அதே கதை, தமிழகத்தில் அமைச்சருக்காகச் சொல்லப்பட்டது. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை முதலியனவும் தாய்க்கதையும் கிளைக்கதையுமாக அமைந்தவையே. மலிவுப் பதிப்புகளாகச் சந்தைகளில் விற்கப்பட்ட இவற்றை எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, ஊரார் சுற்றியிருந்து கேட்டனர்.

கரிசற்சீமைக்கு வந்த இத்தாலியர்

இத்தாலியக் கதை மரபில் வளர்ந்த ஒருவர் நம் கரிசற்சீமைக்கே வந்து தமிழிற் கதை எழுதினார் என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது. கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் 1680-இல் வட இத்தாலியிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்தார். இயேசு சபையிற் சேர்ந்து, 1711-இல் தமிழகம் வந்தடைந்தார். அருப்புக்கோட்டைக்குத் தென்மேற்கே, கோவிற்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டி அவர் தொடக்கத்திற் பணியாற்றிய ஊர்களுள் ஒன்று. பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் அதே கருமண். மழையை அண்ணாந்து நோக்கும் அதே மக்கள். 1747-இல் அவர் மறைந்தார்.

அவருடைய தேம்பாவணியும் தாய்க்கதையும் கிளைக்கதையுமாக அமைந்ததே. யோசேப்பும் மரியாளும் குழந்தை இயேசுவுடன் எகிப்துக்குத் தப்பியோடும் வழியில், பழைய ஏற்பாட்டு வரலாறுகள் அவர்களுக்கு எடுத்துரைக்கப்படுகின்றன. ஏரோதின் வாளுக்கு அஞ்சி ஓடும் ஏழைக் குடும்பத்தாரின் செவிகளில் விழும்போது, அப்பழைய வரலாறுகள் வெறும் வரலாறுகளாக இரா.

ஆயினும் மக்களின் நாவில் நிலைத்தது அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையே. தமிழ் கற்கும் குருமாருக்குப் பேச்சுநடைப் பயிற்சியாக அமைந்த எளிய உரைநடை நூல் அது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரும் அவர்தம் குருவும் ஆற்றைக் கடக்கின்றனர். ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கின்றனர். கரையேறியபின் எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ண, ஆறுபேர் ஐவராகின்றனர். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுகின்றனர். குதிரை முட்டையென்று பூசணிக்காயை வாங்குகின்றனர். தன்னை எண்ண மறந்த மூடரைப் பற்றிய கதை ஐரோப்பிய நாட்டுப்புறத்திலும் வழங்குவதே. இத்தாலியிற் கேட்டதையும் இங்குக் கேட்டதையும் ஒரு குருவையும் ஐந்து சீடரையும் கொண்டு ஒன்றாய்க் கோத்தார் முனிவர் என்று கொள்ளலாம். உதிரி நகைச்சுவைகள் இவ்வாறு ஒரு தொடர்வாழ்க்கையாகின்றன. முடிவில் குருவின் சாவும் வருகிறது. நாட்டு மடங்களை எள்ளவே முனிவர் இதனை எழுதினார் என்பாரும் உளர். ஆனால் அவரே குருவென்று அழைக்கப்பட்டவர்; சீடர் சூழ வாழ்ந்தவர். தம்மை எண்ணாது பிறரை எண்ணும் மடமை எந்தச் சமயத்துக் குருவுக்கும் நேரக்கூடியது என்பதை அவர் அறியாதிருந்திருக்க முடியாது.

நம் திருச்சபைக்கும் அவருக்கும் இருந்த உறவு சிக்கலானது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளை எதிர்த்து 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' முதலிய நூல்களை அவர் எழுதினார். எனினும் கொடுந்தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்திலேயே அச்சேறியது. பரமார்த்த குருவின் கதையை 1822-இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் வெளியிட்டவர் சென்னை அரசுப்பணியிலிருந்த பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர். விவாத நூல்கள் பிரித்தவரை ஒரு சிரிப்புக் கதை ஒரே திண்ணையில் அமரவைத்தது.

'உம்' கொட்டும் மரபு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியில் கதை சொல்லும் இடங்கள் பல இருந்தன. சோளக்காட்டுக் காவற்பரண், பருத்தி பிரிக்கும் முற்றம், நெசவாளர் வீட்டுத் தறிக்குழி, பிணத்துடன் விழித்திருக்கும் இரவு ஆகியன அவற்றுட் சில. கதை சொல்பவர் தொடங்குமுன் கேட்பவரிடம் ஓர் உறுதி வாங்குவார்: இடையிடையே 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். கேட்போர் இல்லையேல் கதை இல்லை என்ற விதியைப் பொக்காச்சியோ ஏட்டில் எழுதிக் காட்டினார். நம் பாட்டிமார் அதனை நாள்தோறும் நடைமுறையிற் கொண்டிருந்தனர். இடைசெவலில் 1923-இற் பிறந்து 2021-இல் மறைந்த கி. ராஜநாராயணன் இக்கரிசற்காட்டு வாய்மொழிக் கதைகளைப் பெருமுயற்சியுடன் தொகுத்து அளித்தார். அவர் எழுத்தில் கதையோடு கதைசொல்லியின் குரலும் கேட்பது அதன் தனிச்சிறப்பு.

இச்சீமைக்கும் ஒரு பெருஞ்சாவு உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் இராமநாதபுரச் சீமையும் தப்பவில்லை. பிளாரென்சின் பதின்மர் பணியாட்களோடு பூந்தோட்டத்திற்குச் சென்றனர். நம் முன்னோர் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாகச் சென்றனர். திரும்பி வந்தோர் சிலர், வாராதோர் பலர். 1834-இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனின் பழைய நிலையங்களுள் ஒன்றான மண்டபசாலை இப்பகுதியிலேயே உள்ளது. அப்பஞ்சத்தைக் கடந்து வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இப்பகுதிச் சபைகளில் இன்றும் உளர். அவர்களிடம் நீதிக்கதை சொல்லவரும் ஆயர், அவர்கள் ஏற்கெனவே எந்தத் தாய்க்கதைக்குள் வாழ்கின்றனர் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பிரசங்க பீடத்திற்கு ஒரு சொல்

திருமறையிலுள்ள கதைகளும் தாய்க்கதைக்குள் அமைந்தவையே. நாத்தான் தாவீதிடம் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையைத் தனியே எடுத்தால், செல்வன் ஏழையை ஒடுக்கலாகாது என்ற பொதுநீதி கிடைக்கும். உரியாவின் மனைவியை அபகரித்த அரசனின் முன் அது சொல்லப்படும்போதோ, தீர்ப்புக் கூறுபவனே குற்றவாளியாகி நிற்கிறான். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் காணாமற்போன ஆடு, காசு, மகன் என்னும் மூன்று உவமைகள் உள்ளன. ஆயக்காரரும் பாவிகளும் ஆண்டவரிடம் வந்து சேர்ந்ததையும், பரிசேயரும் வேதபாரகரும் முறுமுறுத்ததையும் அவ்வதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்கள் கூறுகின்றன. அவ்விரண்டு வசனங்களையும் விட்டுவிட்டு இளையகுமாரனைப் பற்றி மட்டும் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்! வெளியே நின்று முறுமுறுத்த மூத்தகுமாரன் எவன் என்பது அவ்வசனங்களாலன்றோ விளங்குகிறது? உவமைகளை அவற்றின் தாய்க்கதையிலிருந்து அறுத்தெடுத்து, பொறுமைக்கு ஒன்று, பேராசைக்கு ஒன்று என்று அடுக்கி வைக்கையில், இடைக்காலக் கையேட்டு முறைக்கே நாம் திரும்புகிறோம்.

இதனால் பிரசங்கத்தில் கதையே கூடாது என்பது நம் கருத்தன்று. கதை சொல்லும் ஆயர் மூன்றினை ஆராய்தல் நலம். இக்கதை முதலில் எவருக்காக, எந்த இடரில் சொல்லப்பட்டது? இன்று நம்முன் அமர்ந்திருப்போரில் எவர் ஏற்கெனவே இக்கதைக்குள் இருக்கிறார்? நீதி சொல்லி முடித்தபின் கதையில் எஞ்சி நிற்பவருக்கு என்ன வழி? மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. இளங்கோவடிகள் அதனைக் கேட்டார். அன்று நாம் கேட்கவில்லை.

அவ்வூரை விட்டு மாற்றலாகும் முன், அந்த அம்மையாரின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். வேறு பேச்சுகளுக்கிடையே, கீரியைக் கொன்ற அப்பெண்ணைக் கோவலன் அழைத்து வினவி, அவள் துயர் தீர்த்து வாழவைத்த வரலாற்றைச் சொன்னோம். வாசலில் அமர்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல் 'உம்' கொட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "அப்படி ஒருத்தராவது கேட்டாரே" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இப்பொழுது வகுப்பில் பிரசங்கவியல் கற்பிக்கும்போது, ஆண்டுதோறும் மாணவர் ஒருவரை எழுப்பிக் கீரிப்பிள்ளைக் கதையைச் சொல்லச் சொல்கிறோம். அவர் சொல்லி முடித்தவுடன், அந்தத் தாய் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் போனாள் என்று வினவுகிறோம். வறண்ட ஊர்களிலிருந்து வந்த மாணவர் சிரிப்பதில்லை.